கண்ணாடி மெருகு: கார்ச் சாயம் தேய்க்கும் தொழில்

(தோட்டப்புற இளைஞர்களுக்கான தொழில் விளக்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், காரின் சாயத்தைத் தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடி போல் மெருகேற்றும் தொழிலாகும். இதனை ஒரு தொழில் என்று மதிப்போர் குறைவு. எஞ்சினைப் பழுது பார்ப்பவரை மெக்கானிக் என்று மரியாதையோடு அழைக்கிறோம். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துபவரையும் கைவினைஞராக ஏற்றுக்கொள்கிறோம். ஆனால், ஒரு வாளித் தண்ணீரும் ஓர் உப்புத்தாளுமாகக் காலை முதல் மாலை வரை குனிந்து நிற்பவரைத் 'தேய்க்கிற பையன்' என்று சொல்லிக் கடந்து போய்விடுகிறோம். வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் காரைச் சுற்றிவந்து பார்க்கிறாரே, அவர் பார்ப்பது அந்தப் பையனின் வேலையைத்தான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தோட்டப்புற வாழ்க்கை மாறிவிட்டதை நாம் அறிவோம். 1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. அதன்பின், கார் என்பது தோட்டத் துரையின் பங்களா வாசலில் மட்டும் நிற்கும் பொருளாக இல்லாமல், எளிய குடும்பங்களின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. கார்கள் பெருகிய இடத்தில் பட்டறைகளும் பெருகின. 'கெதோக் டான் சாட்' என்று, அதாவது தட்டி நிமிர்த்தலும் சாயம் பூசலும் செய்யப்படும் என்று, எழுதிய பலகையை இன்று சிறு பட்டணங்களிலும் காண்கிறோம். நம் பிள்ளைகள் பலர் இத்தகைய பட்டறைகளில்தான் முதற்சம்பளம் வாங்குகின்றனர்.

அந்தப் பட்டறையில் நுழைவதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. இது நன்மை. ஆனால், எதையும் அறியாமலே நுழைந்துவிடலாம் என்பதில் ஒரு தீமையும் உண்டு. அறியாமல் தேய்ப்பவன் பிறருடைய காரைக் கெடுக்கிறான். அறியாமல் மூச்சு விடுபவன் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறான். இந்த இரண்டு கேடுகளையும் தவிர்க்கும் வழியை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒளி எங்கிருந்து வருகிறது?

சாயம் ஒளிர்வதற்கு அதன்மேல் எதையோ பூசுகிறார்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. கண்ணாடி மெருகு பூசி வருவதன்று; நீக்கி வருவது.

காற்றில்லாத காலை நேரத்தில் குளத்து நீரைப் பாருங்கள். கரையில் நிற்கும் மரம் தலைகீழாகத் தெளிவாகத் தெரியும். காற்றடித்து அலை எழும்பினால் அந்த மரம் கலைந்துவிடும். நீர் அதே நீர்தான். மேற்பரப்பு மட்டுமே மாறியது. சாயமும் அவ்வாறே. தெளிப்புத் துப்பாக்கியிலிருந்து துளித்துளியாக வந்து விழும் சாயம் முழுதும் சமமாகப் பரவாமல், சிறுசிறு மேடும் பள்ளமுமாகக் காய்ந்துவிடுகிறது. ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் போல் இருப்பதால் பட்டறைகளில் இதனை 'ஆரஞ்சுத் தோல்' என்றே அழைக்கின்றனர். அத்தகைய பரப்பில் குழல் விளக்கின் பிம்பம் நெளிந்து தெரியும். மேடுகளைத் தேய்த்துப் பள்ளங்களின் மட்டத்திற்குக் கொண்டுவந்தால், அதே விளக்கு நேர்கோடாகத் தெரியும். இதுவே மெருகின் இரகசியம். மேட்டை நீக்கிச் சமமாக்குகிறோம். பிறகு சமமாக்கியதால் ஏற்பட்ட கீறல்களை மேலும் மேலும் நுண்ணியவையாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டு செல்கிறோம். அவ்வளவுதான்.

நீக்குவதற்கு இருப்பது எவ்வளவு?

நீக்கித்தான் மெருகு வருமென்றால், நீக்குவதற்கு எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி உடனே எழ வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பவனே தொழிலாளி. கேளாதவன் வெறுமனே தேய்ப்பவன்.

சாயத்தின் கனத்தை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்ரான். தொழிற்சாலையிலிருந்து வரும் இக்காலக் காரின் தகட்டின்மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். முதலாவது, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. இரண்டாவது, பரப்பைச் சீராக்கும் இடைப்பூச்சு. மூன்றாவது, நாம் காணும் நிறம். நான்காவது, நிறத்தின்மேல் கண்ணாடி போல் நிற்கும் நிறமற்ற பூச்சு. இதனைப் பட்டறையில் 'கிளியர்' என்பர். இந்த நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரையே வரும். அதாவது, பள்ளிப் பிள்ளை எழுதும் ஒரு தாளின் கனம், அல்லது அதற்குச் சற்றே கூடுதல். இதில் நாம் தேய்க்கக்கூடிய கிளியர் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தாளின் பாதிக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதித் தாளையும் முழுதாகச் செலவழிக்க நமக்கு உரிமையில்லை. நம் நாட்டு வெயிலின் புறஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்கச் செய்யாதபடி தடுக்கும் மருந்து இந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. அதை மெல்லியதாக்கிவிட்டால், கார் பட்டறையை விட்டுப் போகும்போது பளபளப்பாகத்தான் போகும். சில ஆண்டுகளில் போனட்டின்மேலும் கூரையின்மேலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியத் தொடங்கும். அப்போது அதற்கு மெருகு மருந்தாகாது. பழைய கிளியரை முழுதும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சாயம் அடிப்பதைத் தவிர வேறு வழி இராது.

இதனைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. பால்மரம் சீவும் கை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை நம் பெற்றோர் அறிந்திருந்தனர். பட்டையை மெல்லச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் உயிர்ப்படையைக் கத்தி தொடக்கூடாது. தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். குறைவாகச் சீவினால் பால் வராது. மிகையாகச் சீவினால் மரம் கெடும். இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அளவுகோல் இல்லாமல் அந்த ஆழத்தைக் கையாலேயே அறிந்தவர்களின் பிள்ளைகள் நாம். சாயம் தேய்ப்பதற்கும் அதே அளவறிவுதான் வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. சீவிய பட்டை மரத்தில் மீண்டும் வளரும்; தேய்த்த சாயம் ஒருநாளும் வளராது.

பழைய சாயமும் புதிய சாயமும்

கார் தோன்றிய காலத்தில், குதிரை வண்டிகளுக்குப் பூசிய வார்னிஷ் முறையையே காருக்கும் கையாண்டனர். ஒவ்வொரு பூச்சாகப் பூசி, காயவைத்து, தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் காலம் பிடித்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் சாயத்தைக் கொண்டுவந்தது. இது விரைவாகக் காய்ந்தது. ஆயினும் காய்ந்தபின் மங்கலாகவே இருந்தது. தேய்த்து மெருகேற்றினால்தான் ஒளிவிட்டது. மெருகேற்றும் தொழில் கார்ப் பட்டறைகளில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மழைக்காலத்து ஈரக் காற்றில் இச்சாயத்தை அடித்தால் வெண்மை பூத்துவிடும் என்பதைப் பழைய சாயக்காரர்கள் அறிவர்.

அதே காலத்தில் மேலும் இரண்டு பொருள்கள் பட்டறைக்குள் வந்தன. ஒன்று, தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள். பிரான்சிஸ் ஓக்கி என்பவரின் கண்டுபிடிப்பான இதனை 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் வெளியிட்டது. உலர்ந்த தாளால் தேய்த்தபோது எழுந்த தூசியை இது பெரிதும் குறைத்தது. மற்றொன்று, தேய்க்கவோ சாயம் அடிக்கவோ கூடாத இடத்தை மறைத்து ஒட்டும் மாஸ்கிங் டேப். சாயப் பட்டறையில் இருநிறச் சாயம் அடிப்போர் பட்ட தொல்லையைக் கண்டு, 1925ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் டுரூ இதனை உருவாக்கினார். பிற்காலத்தில் இவ்வகை டேப்பின் ஒட்டும் பசைக்கு இயற்கை ரப்பர் பெருமளவில் பயன்படலாயிற்று. தோட்டத்தில் நாம் வடித்த பாலின் ஒரு துளி சாயப் பட்டறையிலும் வேலை செய்கிறது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்று பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை கிளியர் பூசியவை. பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் இராது. நிறச் சாயமே மேற்பரப்பாக இருக்கும். இதனை அறிய எளிய வழி உண்டு. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது கிளியர் இல்லாத சாயம். நிறம் ஒட்டாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. வேலை தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யாதவரிடம் காரை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது. சாயத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவியும் கிடைக்கிறது. தகட்டின்மேல் வைத்தால் அடுக்குகளின் மொத்தக் கனத்தை மைக்ரானில் காட்டும். ஒரே காரில் ஓரிடத்தில் 120 என்றும் வேறோரிடத்தில் 300 என்றும் காட்டினால், இரண்டாவது இடம் முன்பே பழுது பார்த்துச் சாயம் அடித்த இடம் என்று அறியலாம்.

தேய்க்கும் முறை

முதலில் காரைச் சவர்க்காரம் இட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் தார், மரப்பிசின், மணல் ஆகியவற்றை நீக்காமல் தேய்க்கத் தொடங்கினால், நம் தாளைவிட அந்த மணலே ஆழமாகக் கீறிவிடும். வேலையை நிழலில் செய்ய வேண்டும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். புதிதாகச் சாயம் அடித்த காராயின், சாய நிறுவனம் குறித்த காலம் வரை காய விட வேண்டும். அவசரப்பட்டு ஈரச் சாயத்தைத் தேய்த்தால், அன்று சமமாகத் தெரிந்த பரப்பு பின்னர் சுருங்கிக் கீறல்களைக் காட்டும்.

உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் துகள் நுண்ணியதாகும். பி1000 என்ற தாளின் துகள் சராசரியாக 18 மைக்ரான் அளவினது. பி1500 தாளின் துகள் ஏறத்தாழ 13 மைக்ரான். பி2000 தாளின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான். நாம் தேய்க்கும் பூச்சே 50 மைக்ரானுக்குள் அடங்கிவிடும் என்பதை நினைவிற்கொண்டால், எந்தத் தாளைக் கையில் எடுப்பது என்பது எவ்வளவு பொறுப்பான முடிவு என்பது விளங்கும். வேலையை முடிக்கக்கூடிய மிக நுண்ணிய தாள் எதுவோ, அதிலிருந்தே தொடங்க வேண்டும். புதிதாகத் தாராளமாக அடித்த கிளியருக்கு பி1500 போதும். மிகுந்த சொரசொரப்பு இருந்தாலன்றி பி1000 தேவையில்லை. தொழிற்சாலைக் கிளியராயின், பி2000 அல்லது பி3000 தாளைக் கொண்டு, வேண்டிய இடத்தை மட்டும் தொட வேண்டும். பல கார்களுக்கு உப்புத்தாளே தேவைப்படாது. மெருகுப் பசை ஒன்றே போதும்.

தாளை முதலில் கால் மணி நேரமாவது தண்ணீரில் ஊற வையுங்கள். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் ஒரு துளி விடுங்கள். தாள் வழுக்கிச் செல்லும், தூள் அடைக்காது. தகட்டின் விளிம்புகளிலும் வரை மடிப்புகளிலும் டேப் ஒட்டுங்கள். அங்கேதான் சாயம் மிக மெல்லியது. அங்கேதான் அது முதலில் தேய்ந்து போகும். வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் வாய்க்காலாகிவிடும். ஆகவே ரப்பர்க் கட்டையில் தாளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளைந்த இடத்திற்கு மென்மையான கட்டை ஏற்றது.

வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் தேயுங்கள். அழுத்தாதீர்கள், வெட்டுகின்ற வேலை தாளுக்குரியது, தாளை நடத்துகின்ற வேலை மட்டுமே கைக்குரியது. தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தாள் தரையில் விழுந்தால் அதை மீண்டும் பயன்படுத்த வேண்டா. ஒட்டிய ஒரு மணலே ஒரு மணி நேர வேலையைக் கெடுக்கப் போதுமானது.

ஐந்தாறு முறை தேய்த்தவுடன், ரப்பர்ப் பட்டையால் நீரை வழித்துவிட்டுப் பாருங்கள். தேய்ந்த மேடுகள் மங்கலாகவும், தாள் எட்டாத பள்ளங்கள் பளபளப்பான புள்ளிகளாகவும் தெரியும். புள்ளிகள் குறைந்து பரப்பு முழுதும் ஒரே மங்கலாக ஆனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் செல்லும் ஒவ்வொரு தேய்ப்பும் வீண் செலவு. தொழிற்சாலைச் சாயத்திலோ, ஒன்றிரண்டு புள்ளிகள் எஞ்சியிருக்கும்போதே நிறுத்துவது நலம். முழுச் சமத்தை விரும்பிக் கிளியரை இழப்பதைவிட, சிறு குறையை விட்டு வைப்பது மேலான தொழிலாகும்.

தாளிலிருந்து வழியும் நீரையும் கவனிக்க வேண்டும். பால் போன்ற வெண்மையாக வந்தால் கிளியர் தேய்கிறது என்று பொருள். நீரில் காரின் நிறம் கலந்து வந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். கிளியர் முடிந்து நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அதன்பின் அந்தத் தகட்டுக்குச் சாயம் அடிப்பதே வழி.

ஒரு தாளை முடித்து அடுத்த நுண்ணிய தாளுக்குச் செல்லும்போது, தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முன்பு நெடுக்காகத் தேய்த்திருந்தால் இப்போது குறுக்காகத் தேயுங்கள். முந்திய தாளின் கீறல் ஒன்றுகூட எஞ்சியிருந்தால் திசை வேறுபாட்டால் அது கண்ணில் படும். இடையில் ஒரு தாளைத் தாண்டிப் போனால் நேரம் மிச்சமாகும் என்று எண்ணுவோர், அந்த நேரத்தை மெருகேற்றும்போது இருமடங்காகச் செலவிடுவர். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தொழிலுக்கு மிகவும் பொருந்தும்.

மெருகேற்றும் முறை

தேய்த்து முடித்த கார் சாம்பல் பூத்தது போல் இருக்கும். இதனைக் கண்டு காரின் உரிமையாளர் திகைத்துவிடுவார். இப்போது மெருகு இயந்திரத்தின் வேலை தொடங்குகிறது. முதலில் கம்பளித் திண்டும் காம்பவுண்டு எனப்படும் சற்றே கரடான பசையும். அடுத்து நுரைத் திண்டும் நுண்ணிய பாலிஷும். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

ஒரு முறைக்கு இரண்டடிச் சதுரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டா. மெதுவான சுழற்சியில் பசையைப் பரப்பி, பின்னர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. உராய்வினால் எழும் வெப்பமே இங்குப் பெரும் பகை. அது சாயத்தை இளக்கி எரித்துவிடும். அடிக்கடி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். விளிம்புகளை நெருங்கும்போது திண்டு உள்ளிருந்து வெளிநோக்கிச் சுழன்று செல்லுமாறு பிடிக்க வேண்டும். விளிம்பை எதிர்த்துச் சுழன்றால் ஒரே நொடியில் சாயம் போய்விடும். தரையெல்லாம் ஈரமாக இருக்கும் இடத்தில் மின் இயந்திரத்தைத் தொடக்கூடாது. ஈரத்தைத் துடைத்து, காய்ந்த செருப்பணிந்து, கம்பியைத் தோள்மேல் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

முடிந்தபின், பசையிலுள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்து, வெயிலிலோ கைவிளக்கின் வெளிச்சத்திலோ பாருங்கள். சுழல் சுழலாகக் கீறல்கள் தெரிந்தால் நுண்ணிய பாலிஷை மீண்டும் போட வேண்டும். பரப்பின்மேல் ஒரு செய்தித்தாளைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் பிம்பத்தில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

மறைப்பது மெருகாகாது

இங்கே தொழில் நேர்மையைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும். கீறல்களை நீக்காமல், எண்ணெயும் மெழுகும் கலந்த பசையால் அவற்றை நிரப்பி மறைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. அன்று மாலை கார் கண்ணாடியாகத் தோன்றும். மூன்று நான்கு முறை கழுவியவுடன் கீறல்கள் எல்லாம் மீண்டும் வெளிப்பட்டுவிடும். மாதத் தவணை கட்டிக் கார் வைத்திருக்கும் ஒரு தொழிலாளியின் பணம் அவ்வாறு நீரோடு போவது நியாயமாகாது.

எந்தக் கீறலைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக்கூடாது என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் பெரும்பாலும் தேய்த்து நீக்கலாம். நகம் தட்டி நின்றால் கீறல் ஆழமானது. அதை முழுதும் நீக்க முயல்வது கிளியரைத் தின்றுவிடும். "ஐயா, இதை மங்கச் செய்யலாம், நீக்க இயலாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் துணிவு வேண்டும். அப்படிச் சொல்பவரிடம் அவர் மறுமுறையும் வருவார்.

மெழுகு தீயதன்று. அது காவல், மருந்து அன்று. காருக்குப் பூசும் சிறந்த மெழுகுகளுள் ஒன்றான கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து கிடைப்பது. நம் செம்பனையைப் போன்றே அதுவும் பனைக் குடும்பத்து மரம். இக்காலத்தில் செராமிக் பூச்சும் வந்திருக்கிறது. மெழுகாயினும் செராமிக்காயினும், கீழே இருக்கும் பரப்பு எப்படியோ அப்படியேதான் காட்டும். கார் வைத்திருப்போர் பறவை எச்சத்தை உடனே நீர்விட்டுக் கழுவி, தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காமல் இருந்தாலே மெருகு நெடுநாள் நிற்கும்.

மூச்சைக் காப்போம்

இனி, காரைவிட விலை மதிப்பற்ற ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அது உங்கள் மூச்சு.

இன்று பட்டறைகளில் பரவலாகப் பயன்படும் கிளியர், ஹார்டனர் என்னும் கெட்டிப்படுத்தியைக் கலந்து அடிக்கப்படுவது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. சாயம் தெளிக்கும்போது எழும் புகைமூட்டத்தை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா ஏற்படலாம். தீங்கு செய்யும் அளவு காற்றில் இருந்தாலும் மூக்குக்கு மணமே தெரியாமல் போகலாம். உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலை உண்டாக்கும்; அதன்பின் அத்தொழிலையே விட வேண்டிவரும். வேலை நாள்களில் இரவில் இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து, விடுமுறையில் தணிந்தால், அதைச் சளி என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் சென்று, செய்யும் வேலை இன்னதென்று சொல்ல வேண்டும்.

தெளிக்கும் இடத்தில், தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி அணிய வேண்டும். முகத்தில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. தேய்ப்பவர்கள் கூடுமானவரை நீரிட்டே தேய்க்க வேண்டும். உலரத் தேய்க்க நேர்ந்தால் தூசியைத் தடுக்கும் முகமூடி கட்டாயம். மிகப் பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றின் தூசி வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கேடு. வேலை உடையோடு வீட்டுக்குள் சென்று குழந்தையைத் தூக்காதீர்கள். தேய்த்த நீரை மழைநீர்க் கால்வாயில் கொட்டாமல், படியவிட்டுக் கசடைத் தனியே சேர்க்க வேண்டும்.

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து, சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களையும் அதன்கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. சிறு பட்டறை என்பதற்காகப் பாதுகாப்பு குறைந்துவிடாது. தொழிலாளரின் பெயரில் முதலாளி சொக்சோவுக்குச் சந்தா செலுத்த வேண்டும். தொழிலால் வரும் நோய்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. வேலைக்குச் சேரும் பிள்ளை, தன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது குற்றமன்று; கேளாதிருப்பதே பின்னாளில் குடும்பத்தை வாட்டும்.

கைத்திறனுக்குச் சான்று

கையில் திறனிருந்தும் தாளில் சான்று இல்லாததால் குறைந்த சம்பளத்தில் நிற்பவர் நம்மிடையே பலர். மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது சிஜில் கெமாஹிரான் மலேசியா, முதல் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்குமேல் டிப்ளோமா நிலைகளும் உண்டு. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து கற்கலாம். பட்டறையில் வேலை செய்துகொண்டே கற்கும் இரட்டைப் பயிற்சி முறையும் இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து அனுபவம் பெற்றவர், அந்த அனுபவத்தைச் சான்றுகளோடு மெய்ப்பித்து, வகுப்புக்குச் செல்லாமலே சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையை அணுகி விவரம் அறியலாம். செய்த வேலைகளைப் படம் பிடித்து, நாள் குறித்து வைப்பதை இன்றே தொடங்குங்கள். பெற்றோரும், பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்காமல், முறையாகக் கற்க அனுப்ப வேண்டும்.

நண்பர்களே, தாளின் பாதிக் கனம்கூட இல்லாத ஒரு பூச்சு. அதில் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை அறிந்த கைக்குத்தான் அந்த ஒளி வசப்படுகிறது. அளவோடு எடுங்கள், உரிய இடத்தில் நிறுத்துங்கள், வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் மூச்சைக் காத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் கடைப்பிடிக்கும் இளைஞனை எந்தப் பட்டறையும் 'தேய்க்கிற பையன்' என்று அழைக்காது. அவன் பெயரைச் சொல்லித்தான் அழைக்கும்.